நூலொடு நூல் தொடுத்தல்
ஓராண்டுப் படிப்பை மீள நோக்கும் முறை

கல்லூரி வாழ்வு முடிந்த பின்னரும் படிப்பு முடியாதிருத்தல் வேண்டும் என்பது ஆசிரியர் அனைவரும் மாணவர்க்குக் கூறும் அறிவுரை. அவ்வறிவுரையைத் தலைமேற்கொண்டு, ஆண்டுதோறும் இத்துணை நூல்களைப் படிப்பேன் என உறுதி பூண்பார் நம்மிடையே பலர் உளர். ஆயின், ஆண்டு கழிந்தபின் அவ்வுறுதி எவ்வளவில் நிறைவேறிற்று என ஆராய்வார் சிலரே. எவ்வாறு ஆராய்தல் வேண்டும் என்று அறிந்தாரோ மிகச் சிலர். இத்துறையில் யான் பட்ட இழுக்கினையும், அதன் வாயிலாகக் கற்ற பாடத்தினையும், பழைய மாணவராகிய அன்பர்க்கும் இன்று கற்கும் இளைஞர்க்கும் இம்மலர் வழியாக எடுத்துரைக்க விழைகின்றேன்.

எமதூர் தேற்றாத்தீவு. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருந்தெருவில், கிழக்கே கடலும் மேற்கே வாவியும் இருபுறமும் காக்க, களுதாவளைக்கு வடபால் அமைந்துள்ள ஊர். தேற்றா மரங்கள் மிக்கிருந்தமையால் இப்பெயர் வந்தது என்பர் பெரியோர். தேற்றாங்கொட்டையின் பயனை இன்றைய இளைஞர் பலர் அறியார். மாரிகாலத்தில் நீர்நிலைகள் கலங்கியபோது, மட்குடத்தின் உட்புறத்தில் இக்கொட்டையை உரைத்து, அதனுள் நீரை வார்த்து வைப்பது முன்னோர் வழக்கம். சிறிது பொழுதில் மண் அடியிற் படிய, மேலே தெளிநீர் நிற்கும். இம்மரத்திற்கு இல்லம் என்பது பழைய பெயர். இதன் விதையாற் கலங்கல் நீர் தெளிவதைக் கலித்தொகை உவமையாக எடுத்தாளுகின்றது. அக்கலித்தொகையை 1887ஆம் ஆண்டில் முதன்முதலாக அச்சேற்றியவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். ஊரின் பெயரை ஆராயப் புகுந்தால் ஒரு மரம். மரத்தை ஆராயின் ஒரு நூல். நூலை ஆராயின் அதனை அழியாது காத்த ஒரு பெரியார். நூல்கள் இவ்வாறு ஒன்றையொன்று பற்றிக்கொண்டே நிற்கின்றன. பிறர்க்கு இதனைப் போதித்து வந்த யான், என் சொந்தப் படிப்பில் இதனை மறந்திருந்தேன்.

இருபத்து நான்கு நூல்கள்

சென்ற ஆண்டு தைப்பொங்கலன்று ஒரு புதிய கொப்பியில் 24 நூல்களின் பெயர்களை எழுதினேன். மாதத்திற்கு 2 நூல்கள் என்பது கணக்கு. ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவனுக்கு இது மிகையன்று என எண்ணினேன். மார்கழியில், திருவெம்பாவை நாட்களிலே, அக்கொப்பியை எடுத்துப் பார்த்தேன். முற்றப் படித்தவை 15. பாதியில் விட்டவை 4. திறந்தும் பாராதவை 5. நூற்றுக்கு அறுபதுக்கு மேற் பெற்றுச் சித்தியடைந்துவிட்டேன் என்று, விடைத்தாள் திருத்திய பழக்கத்தாலே என்னை யானே மெச்சிக்கொண்டேன்.

அவ்வேளை அயல்வீட்டு மாணவன் ஒருவன் வந்தான். உயர்தர வகுப்பிற் கணிதமும் பௌதிகமும் கற்பவன். கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஐயா, இவ்வளவும் படித்திருக்கிறீர்களே! இவற்றில் நான் முதலிற் படிக்க வேண்டியது எது? அதைப் படித்தால் எனக்கு என்ன விளங்கும்?” என்று கேட்டான். அவன் கேட்டது பணிவோடுதான். ஆயினும் எனக்கு உடனே விடை வரவில்லை. அன்றிரவு ஒவ்வொரு பெயராக எடுத்து, இதனைப்பற்றிக் கால்மணி நேரமாவது பொருள்படப் பேச இயலுமா என என்னையே வினவினேன். பதினைந்தில் 4 நூல்களே தேறின. ஏனைய 11 நூல்களும் கண்வழியே சென்று, கருத்தில் தங்காது போயிருந்தன.

இவ்வாறு வினாவொன்றின்முன் நாணியவன் யான் மட்டுமல்லேன் என்பது பின்னர் நினைவுக்கு வந்தது. 1880ஆம் ஆண்டிலே, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர், அங்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என முதலியார் வினவ, ஐயரவர்கள் தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று நீண்டதொரு பட்டியலைக் கூறினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் பாடங்கேட்ட அவருக்கு அப்பட்டியல் பெருமையளித்ததில் வியப்பில்லை. ஆயினும் முதலியார் அதிற் பெரிதும் மகிழ்ந்தாரல்லர். இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்றே கேட்டார். சீவகசிந்தாமணியின் ஏட்டுப் பிரதி அவர்வழியாகவே ஐயரவர்களின் கைக்கு வந்தது.

அதன்பின் நடந்தது தமிழுலகம் அறிந்ததே. எனினும், நடந்த முறையை நாம் கூர்ந்து நோக்குதல் நன்று. சிந்தாமணி சமண காவியமாதலின், அதனை விளங்கிக்கொள்ளச் சமண நூல்களையும் சமண சமயத்தாரையும் நாட வேண்டியதாயிற்று. அதற்கு உரைகண்ட நச்சினார்க்கினியர் பிற நூல்களின் அடிகளை மேற்கோளாகக் காட்டிச் செல்கின்றார். அவை எந்நூலுக்குரியன என்பதைப் பல இடங்களிற் கூறுவதில்லை. அவ்வடிகளின் உறைவிடத்தைத் தேடிச் சென்றபோதே சங்க நூல்கள் ஐயரவர்களுக்குப் புலனாயின. சிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அச்சேறின. ஒரு நூலை ஐயந்திரிபறக் கற்க முயன்றதன் பயனாக அதனோடு தொடர்புற்ற நூல்கள் யாவும் வெளிவந்தன என்றால் அது மிகையாகாது. முன்பு அவர் சொன்ன பட்டியல் நீளமானது. பின்பு அவர் சென்ற வழியோ ஒரு நூலிலிருந்து மறுநூலுக்குச் செல்லும் வழி. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே யான் கூறப்போகும் பாடம்.

தேறிய நான்கும் தேடிவந்த மூன்றும்

என் கொப்பிக்கு மீள்வேன். தேறிய நான்கு நூல்களும் எவை? சிலப்பதிகாரம், பண்டிதர் வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம், விபுலானந்த அடிகளின் மதங்க சூளாமணி, சாமிநாதையரின் என் சரித்திரம் என்பன. இவை மட்டும் ஏன் நினைவில் நின்றன என ஆராய்ந்தேன். ஒவ்வொன்றையும் எடுப்பதற்கு மற்றொன்று காரணமாயிருந்தமையே விடை.

வைகாசித் திங்களிற் கண்ணகையம்மன் கோயிற் சடங்கின்போது கண்ணகி வழக்குரை பாடக் கேட்டேன். இளமை முதற் கேட்டதுதான். ஆயினும் இம்முறை ஓர் ஐயம் எழுந்தது. வழக்குரையிலே கடலோட்டுக் காதை என ஒரு பகுதி உண்டு. சிலம்பிற்கு மணி தேடிக் கப்பலேறிச் செல்லும் கதை அது. இளங்கோவடிகள் இதனைக் கூறினாரா? பட்டியலிற் பின்னே கிடந்த சிலப்பதிகாரத்தை முன்னே எடுத்தேன். அதில் அக்கதை இல்லை. அங்ஙனமாயின் நம்மவர் அம்மனை எவ்வாறு போற்றினர், அவ்வழிபாடு இங்கு எவ்வாறு வளர்ந்தது என்னும் வினா, 1964இல் வெளிவந்த மட்டக்களப்புத் தமிழகத்திற்கு என்னை அழைத்துச் சென்றது. கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டைப்பற்றி அறிந்தபோது, எமதூர்க் கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயிலின் பெயரை நாள்தோறும் கூறியும் அதனுட் கிடந்த சொல்லை ஒருநாளும் எண்ணிப் பாராத என் பேதைமையை உணர்ந்தேன்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை எனக்கு எளிதில் விளங்கவில்லை. அதற்கு விளக்கந் தேடியபோது விபுலானந்த அடிகளிடம் வந்து சேர்ந்தேன். அடிகளின் மதங்க சூளாமணி 1926இல் வெளிவந்தது. ஷேக்ஸ்பியரைச் செகசிற்பியார் எனத் தமிழ்ப்படுத்தி, அவர்தம் நாடகங்கள் பன்னிரண்டினை, வடமொழியிலே தனஞ்சயன் இயற்றிய தசரூபகத்தோடும் நம் சிலப்பதிகார உரையிற் கண்ட நாடக இலக்கணத்தோடும் ஒருங்கு வைத்து ஆராய்ந்த நூல் அது. அதனைப் படித்த பின், கல்லூரியிற் பரீட்சைக்காக மனனஞ் செய்து மறந்த ரோமியோ ஜூலியட் நாடகத்தை மீண்டும் எடுத்தேன். மாணவனாயிருந்தபோது மதிப்பெண் தந்த நாடகம், இப்போது பொருள் தந்தது.

இங்ஙனம் பட்டியலிற் பெயரில்லாத 3 நூல்கள் என்னைத் தேடி வந்தன. கண்ணகி வழக்குரை ஒன்று. ரோமியோ ஜூலியட் மற்றொன்று. மூன்றாவது, அயல்வீட்டு மாணவனின் பௌதிகப் பாடநூல். அது வந்த கதையைக் கூற, முதலில் என் தந்தையாரைப்பற்றிச் சில சொற்கள் கூறல் வேண்டும்.

தந்தையாரின் குறிப்பேடு

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரை பறந்தது. தந்தையார் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள் மழையில் நனைந்து கூழாயின. தகரப்பெட்டியில் இருந்த அவர்தம் படிப்புக் குறிப்பேடு மட்டுமே தப்பியது. அவர் மறைந்தபின் அதனைத் திறந்தேன். நூற்பெயர், தொடங்கிய நாள், முடித்த நாள் என்பன அழகிய கையெழுத்தில் வரிசையாக இருந்தன, வேறொன்றும் இல்லை. அதில் ஒரு வரி: யாழ்நூல், 1951. மற்றொரு வரி: யாழ்நூல், மறுமுறை, 1958. இசை கற்றிராத ஒருவர், நாள் முழுதும் உழைத்துவிட்டு வந்து, அப்பெருநூலை ஏன் இருமுறை கற்றார்? முதன்முறை விளங்காதது மறுமுறை எதனால் விளங்கிற்று? இடையிலே எந்நூல் துணைசெய்தது? கேட்பதற்கு அவர் இல்லை, குறிப்பேடோ வாய்திறக்கவில்லை. ஒருவர் அரும்பாடுபட்டுப் பெற்ற கல்வி, மகனுக்குப் பெயர்ப்பட்டியலாக மட்டுமே எஞ்சிற்று.

நூல்கள் அழியும் இயல்பின. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 வரையான நூல்கள் தீக்கிரையாயின. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோள் நமது கரையோர வீடுகளிலிருந்த ஏடுகளையும் விட்டுவைக்கவில்லை. ஆயினும் அழிந்த அச்சு நூலுக்கு எங்கேனும் மறுபிரதி தேடலாம். 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்கள் பலவற்றை இன்று வீட்டிலிருந்தே படிக்கவும் முடிகின்றது. ஆனால் ஒருவர் உள்ளத்தில் இந்நூல் அந்நூலோடு எவ்வாறு பொருந்திற்று என்பதற்கு மறுபிரதி கிடையாது. அதனை எழுதிவைத்தாலன்றி அவரோடு அதுவும் மறைந்துவிடும்.

தந்தையார் இருமுறை கற்ற யாழ்நூலை யானும் சென்ற ஆண்டுப் பட்டியலிற் சேர்த்திருந்தேன். பாதியில் விட்ட நான்கனுள் அதுவும் ஒன்று. நரம்புகளின் அளவுகளும் கணக்குகளும் வந்த இடத்தில் என் அறிவு நின்றுவிட்டது. இதனை அம்மாணவனிடம் ஒப்புக்கொண்டபோது, அவன் தன் பாடநூலைக் கொண்டுவந்து, இழுத்துக் கட்டிய கம்பி அதிரும் முறையை விளக்கினான். இழுவை மாறாதிருக்கக் கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இருமடங்காகும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் ஒன்றரை மடங்காகும். முன்னது மேல் ஸ்தாயிச் சட்சம், பின்னது பஞ்சமம். அவன் பரீட்சைக்காகக் கற்ற சமன்பாடு, யான் கைவிட்ட நூலின் கதவைத் திறந்தது. இச்செய்தி ஒரு பழந்தமிழ் நூலுக்குப் பயன்படும் என்பதை அவனும் அன்றுதான் அறிந்தான்.

யாழ்நூல் பிறந்ததும் இத்தகைய இணைப்பினாலேயே. இதே கரையோரத்தில், கல்முனைக்குத் தெற்கே காரைதீவில், 1892ஆம் ஆண்டு மயில்வாகனன் என்னும் பிள்ளையாகப் பிறந்தவர் அடிகள். அடியார்க்குநல்லார் உரையோடு சிலப்பதிகாரத்தைச் சாமிநாதையர் அச்சிட்டு வெளியிட்டதும் அவ்வாண்டிலேயே. நூல் ஒரு கரையிலும் அதனைக் கற்கப் பிறந்தவர் மறுகரையிலுமாக ஒரே ஆண்டில் உலகுக்கு வந்தனர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி. இவ்விரு கல்வியும் ஒருவரிடத்தே கூடியமையால், வழக்கொழிந்த யாழைச் சிலப்பதிகாரத்தையும், அதன் உரையையும், தேவாரப் பண்களையும், கணிதத்தையும், ஒலி நூலையும் துணைக்கொண்டு ஆராய முடிந்தது. அவ்வாராய்ச்சி 14 ஆண்டுகள் நடந்தது என்பர். 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரிலே நூல் அரங்கேறியது. ஜூலை 19ஆம் நாள் அடிகள் மறைந்தார். ஆண்டுக்கு இத்தனை நூல் என்று எண்ணுபவர் பார்வையில் அது 14 ஆண்டுகளுக்கு ஒரு நூல். பயன் நோக்குவார்க்கோ தமிழிசையின் மறைந்த வரலாற்றுக்கு அதுவே ஒரு திறவுகோல்.

செய்ய வேண்டுவன

இவ்வநுபவத்தால் யான் வகுத்துக்கொண்ட முறையை மாணவர் பயன்கருதித் தொகுத்துரைக்கின்றேன்.

முதலாவது, ஆண்டுத் தொடக்கத்தில் எண்ணை முன்வையாது வினாவை முன்வைத்தல் வேண்டும். இரண்டு அல்லது மூன்று வினாக்கள் போதும். நம் ஊரைப்பற்றி ஒன்று, தாம் கற்கும் துறைபற்றி ஒன்று, இதுவரை அறியாத துறைபற்றி ஒன்று என அமைத்துக்கொள்ளலாம். யான் திறவாது விட்ட 5 நூல்களும் பிறர் புகழ்ந்தமையாற் பட்டியலில் ஏறியவை. அவற்றைப்பற்றி என்னுள் எவ்வினாவும் இருந்ததில்லை.

இரண்டாவது, பட்டியலிற் பாதியை வெற்றிடமாக விடுக. ஒரு நூல் மற்றொரு நூலைக் கைகாட்டும்போது அதனை எழுதுவதற்கு இடம் வேண்டும்.

மூன்றாவது, கொப்பியில் நான்கு நிரல்கள் வரைக. நூலின் பெயர், எந்த நூலால் அல்லது எந்த வினாவால் இதனை எடுத்தேன், இதிலிருந்து எந்நூலுக்குச் செல்ல வேண்டும், இது முன் படித்த எதனோடு உடன்படுகின்றது, எதனோடு முரண்படுகின்றது. ஒவ்வொரு நிரலிலும் ஒரு வாக்கியம் எழுதினாற் போதும். கடைசி நிரலில் எழுத ஒன்றுமில்லையாயின், அந்நூலை இன்னும் கற்றிலம் என்றே கொள்ளல் வேண்டும்.

நான்காவது, ஆண்டிறுதியில் முடித்தவற்றைவிட முடியாதவற்றையே கூர்ந்து ஆராய்க. விருப்பமின்மையால் விட்டதா, முன்னறிவு போதாமையால் விட்டதா என்பது தெளிய வேண்டும். முன்னதை வருத்தமின்றி நீக்கலாம். பின்னதற்கு இடையிலே ஒரு படி அமைத்தல் வேண்டும். எனக்குப் பௌதிகப் பாடநூல் அத்தகைய படியாயிற்று.

ஐந்தாவது, படித்ததை வேறொருவர்க்கு எடுத்துரைக்க. கேட்பவர் நம்மினும் இளையராயின் மிக நன்று; நாம் மழுப்ப முடியாத வினாக்களை அவர்களே கேட்பர்.

இம்முறையில் ஓர் இடரும் உண்டு. நூலுக்கு நூல் தாவிச் சென்று, எதனையும் முடியாது அலைவாரும் உளர். சாமிநாதையர் பத்துப்பாட்டைக் கண்டபோது சிந்தாமணியைக் கைவிட்டாரல்லர். சிந்தாமணியை முடித்தே அதற்குச் சென்றார். புதிய நூலின் பெயரைக் குறித்துவைத்துக்கொண்டு, கைந்நூலை முடித்தபின் செல்வதே முறை. இன்பத்திற்காகப் படிக்கும் கதைகளையும் பாடல்களையும் இக்கணக்கிற் கொண்டுவர வேண்டா. உழவனும் சில வேளை வயலைப் பார்த்துக்கொண்டு வரம்பில் வெறுமனே இருப்பதுண்டு.

தேற்றாங்கொட்டை நீரைத் தெளிவிப்பது எவ்வாறு என விஞ்ஞானம் கற்றவர் கூறுவர். கலங்கல் நீரிலுள்ள நுண்ணிய மண் துகள்கள் தனித்தனியே மிதப்பதனால் அடியிற் படிவதில்லை. கொட்டையிலுள்ள பசைப்பொருள் அவற்றை ஒன்றோடொன்று சேர்க்கின்றது. சேர்ந்தவை கனத்தாற் கீழிறங்குகின்றன. எனவே நீர் தெளிவது துகள்கள் ஒன்றுசேர்வதனாலேயே. பல நூல் படித்தும் மனம் தெளியவில்லை என வருந்துவார்க்கு இதனினும் பொருத்தமான விடையை யான் அறியேன்.

இவ்வாண்டுத் தைப்பொங்கலன்று புதிய பட்டியல் எழுதினேன். அதில் உள்ளவை 8 பெயர்களே. முதற்பெயர் யாழ்நூல். சனிக்கிழமை மாலைகளில் அம்மாணவனும் யானும் அதனைச் சேர்ந்து படிக்கின்றோம். கணக்கு அவன் பொறுப்பு, தமிழ் என் பொறுப்பு. தந்தையார் 1951இலும் 1958இலும் அதில் என்ன கண்டார் என்பது இனி எனக்குத் தெரியப்போவதில்லை. யான் என்ன கண்டேன் என்பதையாவது நான்கு நிரல்களிலும் எழுதிவைக்கின்றேன்.

நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒவ்வொருவர் வீட்டிலும் இத்தகைய கொப்பி ஒன்று இருக்குமாயின், அதனைத் திறக்கும் பிள்ளை பெயர்களை மட்டும் காணாது வழியையும் காண்பான்.